ஜியாவைச் சூழ்ந்து நிற்பவர்கள்: வீரக்கதை ஒன்றைப் படிக்கும் முறை

வீரனின் கதையை விரும்பாத ஊரும் இல்லை, காலமும் இல்லை. நம் தமிழில் புறநானூறு தொடக்கம் கதைப்பாடல்கள் வரை அது வளர்ந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம் புலவர்கள் 'படைப்போர்' என்று ஒரு தனி இலக்கிய வகையையே உண்டாக்கி வைத்தார்கள். சைத்தூன் என்ற வீரப்பெண்ணின் கதையைச் சொல்லும் 'சைத்தூன் கிஸ்ஸா'வை ஒரு காலத்தில் நம் வீடுகளில் இராகமிட்டு வாசித்தார்கள். இன்று அந்த இடத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் பிடித்துக்கொண்டன. முகமூடி அணிந்து, இரவில் புறப்பட்டு, அநியாயக்காரரைத் தண்டிக்கும் நாயகர்களே இன்றைய பிள்ளைகளின் வீரர்கள்.

மாணவியர் இவற்றைப் பார்ப்பது பற்றிப் பெற்றோர் சிலருக்குக் கவலை உண்டு. பார்க்க வேண்டாம் என்று சொல்வதைவிட, எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். நான் தமிழ் படிப்பிப்பவள். கதை எங்கே இருந்தாலும் அது பாடத்துக்கு உரியது. ஆகவே முகமூடி வீரக்கதை ஒன்றை எடுத்து, அதைப் படிக்கும் முறையை இங்கே பாடமாகத் தருகிறேன்.

ஐந்து வட்டங்கள்

முகமூடி வீரர் எவரை எடுத்தாலும் அவரைச் சுற்றி ஐந்து வட்டங்கள் இருக்கும்: குடும்பம், துணைவர், வளர்ப்பு விலங்கு, வாகனம், பகைவர். 1939ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றிய பட்மனை எடுத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் கண்ணெதிரே கொலையுண்ட அநாதை அவன். அவனுக்குக் குடும்பமாக இருப்பவர் அல்பிரெட் என்ற பணியாளர். துணைவன் ரொபின், தானும் பெற்றோரை இழந்தவன். ஏஸ் என்று ஒரு நாய் உண்டு. வாகனம் உலகமே அறிந்த பட்மொபைல். பகைவன் ஜோக்கர்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1936இல், லீ ஃபோக் படைத்த ஃபான்டம் என்ற வீரனை நம் பெற்றோர் தலைமுறை வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழ்ச் சித்திரக்கதைகளில் வாசித்தது. அவனுக்கும் ஐந்து வட்டங்களும் உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு முகமூடி கைமாறும் இருபத்தொரு தலைமுறைக் குடும்பம், குரான் என்ற காட்டுவாசித் தோழன், டெவில் என்ற ஓநாய், ஹீரோ என்ற வெள்ளைக் குதிரை, கடற்கொள்ளையரான பகைவர்.

இந்த அமைப்பு உயர்தரத் தமிழ் மாணவியருக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் தலைவனையும் தலைவியையும் தனியே விட்டுவிடவில்லை. தோழி, தாய், பாங்கன், பாணன், அறிவர், கண்டோர் என்று பன்னிருவரை 'வாயில்கள்' என நிறுத்துகிறது. தலைவியின் மனம் நமக்குத் தெரிவது பெரும்பாலும் தோழியின் வாயால்தான். புறத்திணையில் வீரனின் குதிரையைப் புகழ்வதற்கே 'குதிரை மறம்' என்று ஒரு துறை உண்டு. ஆக, ஒருவரை அறிய அவரைச் சுற்றி நிற்பவரைப் பார் என்பது நம் இலக்கணமும் சொல்லும் வழி.

நாம் எடுத்துக்கொள்ளும் கதை

பாகிஸ்தானில் உருவான 'புர்கா அவெஞ்சர்' என்ற கார்ட்டூன் தொடரே நம் பாடநூல். அநியாயத்துக்குப் பதில் கொடுக்கும் புர்கா அணிந்தவள் என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். ஆரன் ஹாரூன் ரஷீத் என்ற பாடகர் இதைப் படைத்தார். 2013 ஜூலை 28 அன்று உருது மொழியில் ஒளிபரப்புத் தொடங்கியது. அமெரிக்காவின் பெருமைமிக்க பீபொடி விருது இத்தொடருக்குக் கிடைத்தது. 2014இல் இந்தியாவில் ஒளிபரப்பானபோது தமிழிலும் குரல் கொடுக்கப்பட்டது.

கதை நடப்பது ஹல்வாபூர் என்ற கற்பனை ஊரில். அங்கே பெண்பிள்ளைகளின் பாடசாலை ஒன்று. அதில் கற்பிக்கும் சாதுவான ஆசிரியை ஜியா. பாடசாலைக்கு ஆபத்து வரும்போது அவள் கறுப்புப் புர்காவால் தன்னை மறைத்துக்கொண்டு கிளம்புகிறாள். அவளது ஆயுதங்கள் பேனாவும் புத்தகமும். அவற்றை எறிந்தே எதிரிகளை வீழ்த்துகிறாள். அவள் கற்ற கலைக்குத் 'தக்த் கபடி' என்று பெயர். நம் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் கபடியின் பெயர் அங்கே ஒரு மறைவான போர்க்கலையின் பெயராகிவிட்டது.

முதலாம் வட்டம்: குடும்பம்

ஜியா ஓர் அநாதை. அவளை எடுத்து வளர்த்துக் கலையைக் கற்பித்தவர் கபடி ஜான் என்ற முதியவர்.

வீரக்கதைகளில் ஏன் இத்தனை அநாதைகள்? தாயும் தகப்பனும் வீட்டில் இருந்தால் எந்தப் பிள்ளையையும் நடு இரவில் கூரைமேல் ஓட விடமாட்டார்கள் என்பது ஒரு காரணம். கதைக்காரருக்கு அது வசதி. அநாதைக்கு ஏற்பட்ட இழப்பு நமக்கு உடனே இரக்கத்தை உண்டாக்குகிறது என்பது இன்னொரு காரணம். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதன் நாயகனும் எகிப்தின் உயர்குடியில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பெற்றவர் யாரென்று அறியாமல் இந்தியாவில் வளர்ந்தவன்தான். எழுதியவர் கண்டி அறிஞர் சித்திலெப்பை. முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று அக்காலத்திலேயே உழைத்தவர் அவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

கபடி ஜானிடம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஜியாவுக்குப் பதிலாகச் சண்டை போடவில்லை. அவளைக் காப்பதற்காக வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் இல்லை. தன்னிடம் இருந்த அறிவை அவளிடம் ஒப்படைத்தார். சங்க இலக்கியத்தில் பெற்ற தாயான நற்றாயைவிட வளர்த்த செவிலியே தலைவியோடு நெருங்கி நிற்பாள். கபடி ஜானை ஆண் உருவில் வந்த செவிலி என்றே நான் வகுப்பில் சொல்வதுண்டு.

அமெரிக்க மார்வல் நிறுவனம் 2014இல் தனித் தொடராக வெளியிட்ட கமலா கானின் கதை இதற்கு மறுபக்கம். ஜேர்சி சிற்றியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை அவள். அநாதையல்ல. வாப்பா, உம்மா, தொழுகையில் கண்டிப்பான நானா எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தாலும் நேரம் பிந்தினால் அவளுக்கு ஏச்சு விழும். தன் இரகசியத்தை ஒருநாள் உம்மாவிடம் சொல்லத் துணிகிறாள். உம்மாவுக்கோ அது முன்பே தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் மறைப்பவற்றில் எத்தனையைத் தாய்மார் பேசாமல் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் காட்சி நல்ல சான்று. வீரம் வளர வீடு இல்லாமற் போக வேண்டியதில்லை என்று கமலாவின் கதை காட்டுகிறது.

இரண்டாம் வட்டம்: துணைவர்

ஜியாவின் பக்கம் நிற்பவர்கள் ஆஷு என்ற சிறுமியும், அவள் சகோதரன் இம்முவும், அவர்களின் நண்பன் மூலியும். மூலி என்றால் உருதுவில் முள்ளங்கி. அவன் விரும்பித் தின்பதும் அதுவே.

துணைவர் இரண்டு வகை. வீரனின் பெருமையைக் காட்டுவதற்காக மட்டும் வருபவர்கள் ஒரு வகை. ஃபான்டம் கதையின் காட்டுவாசிகளைப் பாருங்கள். காடு அவர்களுடையது, வழி தெரிந்தவர்களும் அவர்கள். ஆனால் தலைமை வெளியிலிருந்து வந்த வெள்ளைக்காரனின் பரம்பரைக்கு. காலனித்துவக் காலத்து எண்ணம் அந்தக் கதையில் அப்படியே படிந்திருக்கிறது. தாமே ஒரு காரியத்தைச் செய்து கதையைத் திருப்புபவர்கள் மற்ற வகை. ஆஷு இந்த இரண்டாம் வகை.

தொடரின் முதற் கதையில் பெண்பிள்ளைகளின் பாடசாலை பூட்டப்படுகிறது. ஆயுதக்காரர் வாசலில் நிற்கிறார்கள். ஆஷுவுக்குத் தக்த் கபடி தெரியாது, முகத்தை மறைக்கத் துணியும் இல்லை. ஆனாலும் அவள் முன்னே வந்து, பெண்கள் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கான நியாயத்தை எடுத்துச் சொல்கிறாள். நாளைய தாய் கல்லாதவளாக இருந்தால் அடுத்த தலைமுறையின் நிலை என்ன என்பது அவள் வாதத்தின் சாரம். வகுப்பில் இந்தக் கதையைப் பேசியபோது, இதில் வீரம் மிக்கவர் யார் என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, “ஆஷுதான் ரீச்சர். ஜியாவுக்குச் சண்டை தெரியும். ஆஷுவுக்குத் தெரியாதே” என்றாள். இலக்கியத் திறனாய்வு என்பது இதுதான்.

துணைவர் பற்றி இன்னொன்று. கற்பனைப் பாத்திரங்களோடு ஒப்பிடுவதற்காக அல்ல, பெரிய காரியம் எதுவும் தனியொருவரால் நடப்பதில்லை என்பதை நம் வரலாற்றிலிருந்தே உணர்வதற்காக ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரழி) அவர்களும் தவ்ர் குகையில் தங்கியிருந்த நாட்களில் உணவைக் கட்டி அனுப்பியவர் அஸ்மா (ரழி), ஓர் இளம் பெண். அவருடைய சகோதரர் அப்துல்லாஹ் மக்காவின் செய்திகளைக் கொண்டுவந்தார். ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை ஓட்டிவந்து காலடித் தடங்களை மறைத்தார். வழிகாட்டியாகச் சென்ற அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமாகவே இருக்கவில்லை. நம்பிக்கைக்குரியவராக இருந்தார், அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வட்டம்: வளர்ப்பு விலங்கு

பட்மனுக்கு நாய், ஃபான்டமுக்கு ஓநாய். ஹல்வாபூரிலோ ஓர் ஆடு! மூலியின் செல்ல ஆட்டுக்கு கோலு என்று பெயர்.

ஓநாய் பயமுறுத்தும், நாய் மோப்பம் பிடிக்கும். ஆடு என்ன செய்யும்? கதையில் அது சிரிப்பூட்டுகிறது. அதைவிட முக்கியமாக, அந்த ஊரை உண்மையான ஊராக்குகிறது. யாழ்ப்பாணத்தில் வேலியோரப் பூவரசில் குழை ஒடித்து ஆட்டுக்குப் போட்ட பிள்ளைக்கு கோலுவைக் கண்டதும் ஹல்வாபூர் பக்கத்து ஊராகிவிடும். வெளிநாட்டு வீரனின் உடையை மட்டும் மாற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் கதை ஒட்டாது. வீட்டு முற்றத்தில் என்ன நிற்கிறது என்பதையும் மாற்ற வேண்டும். கதை எழுதும் மாணவியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பலவீனமான உயிரிடம் ஒருவர் நடக்கும் விதம் அவரது உள்ளத்தைக் காட்டும். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் எடுத்துக் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததும், பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்கு ஆளானதும் ஹதீஸ்களில் நாம் படித்தவை. பேசமுடியாத உயிரை ஒரு கதை எப்படி நடத்துகிறது என்று பார்த்தாலே அதன் நெஞ்சம் தெரிந்துவிடும்.

நான்காம் வட்டம்: வாகனம்

ஜியாவுக்கென்று ஒரு பட்மொபைல் இல்லை. அவள் ஓடுகிறாள், கூரைக்குக் கூரை தாவுகிறாள். இக்கதையில் வாகனம் பகைவனின் பெயரில்தான் இருக்கிறது. ஊரின் ஊழல் அரசியல்வாதிக்கு 'வடேரோ பஜேரோ' என்று பெயர். வடேரா என்பது சிந்து மாகாணத்தில் பெரும் நிலக்கிழாரைக் குறிக்கும் சொல். பஜேரோ என்ன என்பதை இலங்கையருக்கு விளக்க வேண்டியதில்லை. அதிகாரத்தில் உள்ளவர்கள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கும் அந்த ஜீப் வண்டியை நாமும் தேர்தல் காலங்களில் பார்த்திருக்கிறோம். ஒரு மனிதனின் பதவியையும் பகட்டையும் விளக்க ஆசிரியருக்கு ஒரு வண்டியின் பெயரே போதுமாக இருந்தது. பெயர் சூட்டுவதும் பாத்திரப் படைப்பின் ஒரு பகுதி.

பட்மன் பெருஞ்செல்வன். அவன் வாகனத்தை அவன் பணம் வாங்கியது. ஆசிரியை ஒருத்தியின் சம்பளத்தில் அப்படி எதுவும் வாங்க முடியாது. ஆகவே வாகனம் என்ற வட்டத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பதல்ல. இந்த வீரத்தை யாரால் செய்ய முடியும், காசு உள்ளவரால் மட்டுமா என்பதே கேள்வி. குடாநாட்டில் எரிபொருள் கிடைக்காத போர்க்காலத்தில் சைக்கிள்தான் ஆசிரியரையும் நோயாளியையும் சுமந்தது. இன்றும் வெயிலிலும் மழையிலும் பெண்பிள்ளையைப் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதே சைக்கிள்தான்.

ஐந்தாம் வட்டம்: பகைவர்

ஹல்வாபூரின் முதன்மைப் பகைவர் இருவர். ஒருவர் வடேரோ பஜேரோ. மற்றவர் பாபா பந்தூக் என்ற கொடிய மந்திரவாதி. பந்தூக் என்றால் துப்பாக்கி.

இருவரும் சேர்ந்தே பாடசாலையைப் பூட்ட முனைகிறார்கள். ஆனால் இருவருக்கும் காரணம் வேறு. பாடசாலையை நடத்தத் தருமநிதி ஒன்று கொடுத்த பணத்தை விழுங்க வேண்டும் என்பது பஜேரோவின் ஆசை. பெண்பிள்ளைகள் படிக்கவே கூடாது என்பது பந்தூக்கின் நிலைப்பாடு. ஒருவன் பேராசைக்காரன், மற்றவன் முரட்டுப் பிடிவாதக்காரன். பேராசை தனியே வந்தால் ஊர் அதை அடையாளம் கண்டுவிடும். அது ஒரு கொள்கையின் போர்வையில் ஒளிந்துகொண்டு வரும்போதுதான் ஊர் தடுமாறுகிறது. பெரும் அநியாயங்கள் பலவற்றை வரலாற்றில் நுணுகிப் பார்த்தால் இந்த இருவரையும் அருகருகே காணலாம்.

இது வெறும் கற்பனையல்ல. பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் 2009 ஜனவரியில் பெண்பிள்ளைகள் பாடசாலை செல்லத் தடை விதிக்கப்பட்டது. அங்கே படித்த மலாலா யூசுஃப்சாய் 2012 ஒக்டோபர் 9 அன்று பாடசாலை வாகனத்தில் வைத்துச் சுடப்பட்டார். 2014இல் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 17. ஹாரூன் ரஷீத் இந்தக் கதையை 2010 அளவில், அதாவது மலாலா சுடப்படுவதற்கு முன்னரே, சிந்திக்கத் தொடங்கியிருந்தார். வாழ்க்கை கதையைப் பின்தொடர்ந்து வந்தது.

கல்வி ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்று கற்றவர்கள் நாம். நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் கட்டளையே ஓதுவது பற்றியது. ஆயிஷா (ரழி) அவர்களிடம் பெரிய ஸஹாபாக்களும் வந்து விளக்கம் கேட்டார்கள். ஆகவே பாபா பந்தூக் எதன் பெயரால் பேசினாலும், அவன் பேசுவது மார்க்கம் அல்ல என்று நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

முகமூடியும் சட்டமும்

இத்தொடர் வந்தபோது விமர்சனமும் வந்தது. பெண்ணை அடக்கும் உடை என்று சிலர் கருதும் ஒன்றை வீரத்தின் உடையாகக் காட்டலாமா என்று பாகிஸ்தானிலேயே கேட்டார்கள். தன் நாயகி ஆளை மறைப்பதற்கே அதை அணிகிறாள் என்றும், மேலைநாட்டு வீராங்கனைகளைப் போல உடலைக் காட்டும் உடையில் அவளைக் காட்டத் தான் விரும்பவில்லை என்றும் படைப்பாளர் விளக்கினார். கதையில் ஜியா வகுப்பறையில் புர்கா அணிவதில்லை, சண்டைக்குப் போகும்போதே அணிகிறாள். நம் வீடுகளில் பெண்கள் அதை அணிவது வேறு காரணத்துக்காக. ஓர் உடை ஒவ்வொரு கதையிலும் ஒவ்வொரு வேலை செய்யும். அந்த வேலை என்னவென்று கேட்பதே வாசகரின் பொறுப்பு.

மறைவாக நன்மை செய்வதை நம் மார்க்கம் உயர்வாகப் பேசுகிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தருமம் செய்பவர் அர்ஷின் நிழலைப் பெறுவோரில் ஒருவர். ஜியாவின் முகமூடியில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். மறுநாள் காலையில் அவள் பாராட்டுக்குக் காத்திராமல் கரும்பலகையின் முன் போய் நிற்கிறாள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. முகமூடி வீரர்கள் எல்லாரும் சட்டத்தைத் தம் கையில் எடுப்பவர்கள். குற்றவாளி யார் என்று தாமே தீர்மானித்துத் தாமே தண்டிக்கிறார்கள். கதையில் அவர்கள் தவறுவதில்லை, ஏனென்றால் எழுதுபவர் அவர்கள் பக்கம். வாழ்க்கையில் அப்படி எழுதித் தருவார் யாரும் இல்லை. காழியின் முன் இரு தரப்பும் பேச வேண்டும், சாட்சி வேண்டும் என்று மார்க்கம் விதித்திருப்பது மனிதர் தவறக்கூடியவர் என்பதால்தான். முகத்தை மறைத்தவர்கள் இரவில் வந்து தீர்ப்புச் சொன்ன காலத்தை இந்த மண் பார்த்திருக்கிறது. அப்படி வந்தவர்கள் எல்லாரும் தம்மை நல்லவர்கள் என்றே நம்பினார்கள். ஜியா பேனா எறிவதோடு நிற்பதும், உயிரைப் பறிக்காததும் அதனால் முக்கியம்.

நம் ஊரின் பூட்டிய வாசல்

பூட்டிய பாடசாலை என்பது நமக்குத் தொலைவில் உள்ள கதையல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கின் ஏனைய மாவட்டங்களையும் சேர்த்தால் அந்நாட்களில் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். சோனகத் தெருவில் வீடுகளோடு பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வெறிச்சோடின. அன்று எந்தக் கூரையிலிருந்தும் எந்த வீரரும் குதித்து வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மாணவியர் கதையாக அல்ல, வரலாறாகப் படிக்க வேண்டும். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் குடும்பங்கள் ஒதுங்கின. அந்த நிலையிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். உடுத்த உடையோடு வந்த தாய்மார், அடுப்புக்கு விறகு இல்லாத நாளிலும் கொப்பி வாங்கக் காசு தேடினார்கள். இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் ஊருக்குத் திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாத வீடுகளையும் பற்றை மூடிய காணிகளையும். பற்றையை வெட்டினார்கள். பாடசாலையைத் திறந்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தமிழ் ஆசிரியர்களும் வந்து நின்றார்கள்.

ஐந்து வட்டங்களை இங்கே பொருத்திப் பாருங்கள். குடும்பம் இருந்தது. துணைவர் இருந்தார்கள், சிலர் நாம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தார்கள். முற்றத்தில் மீண்டும் ஆடு நின்றது. வாகனமாகச் சைக்கிள் வந்தது. நடுவில் முகமூடி அணிந்த ஒருவர் மட்டும் இல்லை. அவர் இல்லாமலே பாடசாலை திறந்தது. வீரக்கதை நமக்குச் சொல்லத் தவறும் உண்மை இதுதான்: சுற்றி நிற்பவர்கள் சரியாக நின்றால், நடுவில் ஒரு வீரர் தேவைப்படுவதே குறைவு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இன்று நம் பாடசாலை வாசலில் பாபா பந்தூக் நிற்கவில்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நிற்பதற்குத் துப்பாக்கி தேவையில்லை. சாதாரண தரம் முடிந்ததும் “இனிப் போதும்” என்ற ஒரு சொல் போதும். பஸ்ஸுக்குக் காசு இல்லை, தூரம் அதிகம், நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது என்று காரணங்கள் வரும். சில காரணங்கள் உண்மையான கஷ்டங்கள், அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்படியான கஷ்டம் இருந்தால் பாடசாலைக்கு வந்து பேசுங்கள். வழி தேடுவது எல்லாருடைய வேலை. கபடி ஜான் செய்தது மிகச் சிறிய காரியம். தன்னிடம் வளர்ந்த பெண்பிள்ளையால் முடியும் என்று நம்பினார், தெரிந்ததைக் கற்றுக்கொடுத்தார், பிறகு அவளைப் போகவிட்டார்.

பயிற்சி

1. நீங்கள் விரும்பிப் பார்க்கும் வீரக்கதை ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் ஐந்து வட்டங்களையும் அட்டவணையாக எழுதுக. எந்த வட்டம் வெறுமையாக உள்ளது? அதற்குக் காரணம் என்ன?

2. தொல்காப்பியம் கூறும் வாயில்களுள் தோழியின் பணியையும், ஹல்வாபூர்க் கதையில் ஆஷுவின் பணியையும் ஒப்பிடுக.

3. வடேரோ பஜேரோ, பாபா பந்தூக் ஆகிய பெயர்கள் பாத்திரங்களின் இயல்பை எவ்வாறு காட்டுகின்றன? நம் ஊரை வைத்து நீங்கள் எழுதும் கதையில் அத்தகைய இரு பாத்திரங்களுக்கு என்ன பெயர் இடுவீர்கள்?

4. “சட்டத்தைக் கையில் எடுக்கும் வீரரை நாம் பாராட்டலாமா?” இரு பக்க நியாயங்களையும் எழுதி, உங்கள் முடிவைத் தருக.

5. உங்கள் உம்மம்மாவிடமோ வாப்பும்மாவிடமோ அமர்ந்து, 1990க்குப் பின் உங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கே, யாரிடம், எப்படிப் படித்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பின்னரே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.